நாற்பத்தொன்று

கார்னிவல் நான்கு நாளும் கஹமார்க்கா
சாயத்தில் குளித்துக்கொண்டிருந்தது.
ஆய்வகத்தில் ஆளில்லை.
மைனஸ் எண்பது காட்டவேண்டிய பெட்டி
பதினேழு காட்டியது, மைனஸ் இல்லாமல்.
நூற்றுப் பன்னிரண்டு குப்பிகள்.
கதவடியில் ஒழுகிய நீரை
நான்தான் துடைத்தேன்,
காதுமடலில் பச்சைச் சாயம் போகாமலே.

ஒவ்வொரு குப்பியும் ஒரு வேர்முடிச்சு.
எவாரிஸ்டாவின் சரிவில்
மக்காச்சோளத் தண்டைப் பற்றி ஏறும்
ஞூஞா அவரையின் அடியில்
மண்டியிட்டுத் தோண்டியவை.
கடுகளவு. சில, தினையளவு.
கைக்குட்டை ஓரத்தில் முடிந்த சில்லறைபோல
காற்றைப் பிடித்து
முடிந்து வைத்திருந்தது வேர்.
நகத்தால் கீறினால் உள்ளே சிவப்பு:
வேலை நடக்கிறது.
வெளுத்திருந்தால்
செடி ஊட்டும் சர்க்கரையைத் தின்றுவிட்டு
சும்மா கிடக்கிறது.
வெளுத்ததையும் எடுத்துக்கொண்டோம்.

"இதுக்கெல்லாம் பேர் வைப்பீங்களா?"
எண் வைப்போம் என்றேன்.
"என் கோழிக்குக்கூட நான் எண் வைக்கிறதில்லை"
என்றாள் எவாரிஸ்டா.

ஆல்கஹாலில் ஒரு நிமிடம், பிளீச்சில் மூன்று,
ஏழுமுறை அலசி, நசுக்கி, தட்டில் கோடிழுத்து,
பிறகு ஊதா விளக்கடியில்
ஜெல்லில் எரியும் கோடுகளை எண்ணினேன்.
ஒரு சரிவு. முப்பத்தெட்டு விதமான கோட்டுவரிசை.
ஒரே செடியின் பக்கத்துப் பக்கத்து முடிச்சுகள்
ஒன்றுக்கொன்று பங்காளிகூட இல்லை.
லீமாவிலிருந்து வந்த பாக்கெட் நுண்ணுயிரையும்
(உறைமேல் பல் தெரியச் சிரிக்கும் விவசாயி)
அங்கே தேடினோம்.
அறுபது முடிச்சில் இரண்டில் இருந்தது.
மற்ற வாசல்களில் எல்லாம்
ஊர்க்காரர்கள் முந்திக்கொண்டார்கள்
என்று எழுதினேன்.
டாக்டர் லெஸ்கானோ அந்த வரியை அடித்துவிட்டார்.

நாற்பத்தொன்று எவரோடும் சேரவில்லை.
எட்டுக் கோடுகள்.
மூன்றாவதும் நான்காவதும்
பனியில் ஒட்டி நிற்கும் இரண்டு ஆடுகள்.
வெளுத்த முடிச்சிலிருந்து வந்தது அது.
ஆனால் தொட்டியில், புளித்த மண்ணில்,
சிவந்தவை எல்லாம் கைவிட்ட இடத்தில்
அது சிவந்தது.
ஒரே ஒரு முறை பார்த்தேன்.
மறுமுறை பார்க்கத்தான் உறையவைத்தோம்.

மறுபடி போனோம். நில்த்தோன் வழியெல்லாம்
வண்டியைத் திட்டிக்கொண்டே ஓட்டினான்.
அதே சரிவு. ஆலங்கட்டி விழுந்து
பாதி நிலம் உருளைக்கிழங்குக்கு மாறியிருந்தது.
மிச்சத்தில் தொண்ணூறு முடிச்சு.
தெரிந்த முகங்கள் சில. புதியவர்கள் நிறைய.
நாற்பத்தொன்று இல்லை.
குழிகளை மூடிக்கொண்டிருந்த என்னிடம்
எவாரிஸ்டா கேட்டாள்:
"போன வருஷம் பெய்த மழையையும்
தேடி வந்தீங்களா?"

சென்ட்ரிஃப்யூஜுக்கு மேல் தட்டில்
ஒரு காபி ஜாடி இருந்தது.
முதல் பயணத்தில் தின்னக் கொடுத்த ஞூஞா.
சூடான சட்டியில் போட்டால் வெடித்து விரியும்,
வேர்க்கடலை வாசத்தோடு.
முக்கால் ஜாடியை நாங்களே வறுத்துத் தின்றிருந்தோம்.
மீதியின் தோலில், கண்ணோரத்தில்,
அந்த வருடத்துக் களத்துப் புழுதி.

விதைகளைத் தண்ணீரில் குலுக்கி
கலங்கல் நீரை
சுட்டெடுத்த மணலில் நின்ற நாற்றுக்கு ஊற்றினேன்.
எவரிடமும் சொல்லவில்லை.
இருபத்தேழாம் நாள்
தலைமுடி போன்ற வேரில்
ஒரே ஒரு முடிச்சு.

ராத்திரி பதினொன்றுக்கு ஜெல்.
எண்ணினேன். ஏழு.
ஆடுகள் நின்ற இடத்தில் ஒரே ஆடு,
அல்லது இரண்டும் அவ்வளவு நெருக்கமாக.
விளக்கை அணைத்துப் போட்டு எண்ணினேன். ஏழு.
லெஸ்கானோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
வெகுநேரம் பார்த்தார்.
"அதன் சித்தப்பா பிள்ளையாக இருக்கலாம்"
என்றார். அறிக்கையில் எழுதவில்லை.

குப்பியின்மேல் பேனாவை வைத்து
என்ன எண் போடுவதென்று நிற்கிறேன்.

ஜாடியில் இன்னும் பதினொரு விதை.
வறுக்கவில்லை.
கழுவவும் இல்லை.